ஒன்பது முதுகுள்ள வாடிக்கையாளர்

அவரை நான் முதன்முதலில் சந்தித்தபோது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. கடைக்குள் ஏறி, குடையை உதறி, தோட்டத்துக் குழாய்க்கு ஒரு கிளிப் வேண்டும் என்று கேட்டேன். கம்ப்யூட்டருக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தது.

"சிஸ்டத்துல இருக்கீங்களா சார்?"

இல்லை, மழையில் இருக்கிறேன் என்றேன்.

அது அவர் காதில் விழவில்லை. பெயர், ஊர், போன் நம்பர், பிறந்த நாள், கல்யாண நாள், தோட்டம் எவ்வளவு, என்ன பயிர், வீட்டில் எத்தனை பேர். ஒரு கிளிப்புக்கு எட்டுக் கேள்வி. நான் எண்ணிக்கொண்டே பதில் சொன்னேன். வேலை பார்த்த காலமெல்லாம் கணக்கு வாத்தியாராக இருந்துவிட்டு ஓய்வு பெற்றவனுக்கு எண்ணுவதைத் தவிர வேறு பொழுதுபோக்கு வாய்ப்பதில்லை. எட்டாவது பதிலையும் தட்டி முடித்த பிறகுதான் அவர் தலையை நிமிர்த்தினார். அப்போது முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது பாருங்கள், பல வருடம் பழகியவரைக் கூட்டத்தில் கண்டுபிடித்துவிட்ட சிரிப்பு.

"வாங்க சார், வாங்க. உக்காருங்க. அந்த மூணு சென்ட்ல கேரட் போட்டிருக்கீங்களாமே, எப்படி வந்திருக்கு?"

யாரோ அவரிடம் சொன்னதுபோலக் கேட்டார். சொன்னவன் நான்தான், சற்று முன்னால்.

கிளிப் அவரிடம் இல்லை.

அட்டுவம்பட்டிக்குப் போகிற சாலையில் இருந்த கடை அது. இப்போது அங்கே ஹோம்மேட் சாக்லேட் விற்கிறார்கள். அவர் இருந்தபோது மருந்து தெளிக்கும் ஸ்பிரேயர், சொட்டுநீர்க் குழாய், விதைப் பொட்டலம் ஆகியவை இருந்தன. மனிதருக்கு நாற்பது வயது இருக்கும். சென்னையில் ஏதோ கம்பெனியில் வாடிக்கையாளர்களைப் போனில் துரத்திக்கொண்டிருந்தவர். மனைவியின் ஊரில் சொந்தமாகத் தொழில் செய்யலாம் என்று மலையேறி வந்தார். வரும்போது கையோடு கொண்டுவந்தது அந்த சாஃப்ட்வேரைத்தான். பாத்திரம் பண்டங்களெல்லாம் பின்னால் லாரியில் வந்தன.

அதில் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு கார்டு உண்டு. என்ன வாங்கினார், எப்போது வாங்கினார், என்ன குறை சொன்னார், அடுத்து அவரை எப்போது கூப்பிட வேண்டும் என்று எல்லாம் அதில் இருக்கும். நல்ல ஏற்பாடு என்பதை நான் மறுக்கவில்லை. அவர் அதோடு நிறுத்தியிருந்தால் எனக்கு எழுத ஒன்றும் இருந்திருக்காது. மனிதர்களை மூன்று நிறமாகப் பிரித்தார். வாங்கப் போகிறவர் சிவப்பு, யோசிக்கிறவர் மஞ்சள், ஆறிப்போனவர் நீலம். கடை வாசலில் யாராவது வந்து நின்றால் அவர் கண்ணுக்கு வேட்டியோ ஸ்வெட்டரோ தெரியாது, நிறம்தான் தெரியும். ஒருநாள் அந்தப் பக்கமாகச் சவ ஊர்வலம் ஒன்று போயிற்று. கடையை விட்டு இறங்கி, கைகட்டி, மரியாதையாக நின்றார். சவப்பெட்டி வளைவில் திரும்பியதும் உள்ளே வந்து இரண்டு கார்டுகளைச் சிவப்பிலிருந்து நீலமாக்கினார். ஒன்று போனவருடையது. இன்னொன்று யாருடையது என்று கேட்டேன். மகனுடையது என்றார். "ஒரு வருஷத்துக்கு எதுவும் வாங்க மாட்டாரு சார். நாமளும் தொந்தரவு பண்ணக் கூடாது."

நான் அந்தக் கடையில் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று கேட்பீர்கள். அவருக்குத் தமிழில் தட்டத் தெரியாது, எனக்குத் தெரியும். வீட்டில் இருந்தால் அரிசி டப்பாவில் எத்தனை டம்ளர் மிச்சம் இருக்கிறது என்று கேட்பேன் என்பதற்காக என் மனைவி காலை டிபன் முடிந்ததும் என்னை வெளியே அனுப்பிவிடுவாள். ஆகவே நான் அங்கே பெயர்களைத் தட்டிக்கொண்டிருந்தேன். வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது நாள் என் கார்டு என் கண்ணிலேயே பட்டது. நீலம். குறிப்பில் இப்படி இருந்தது: "ஓய்வுபெற்ற ஆசிரியர். எதுவும் வாங்க மாட்டார். பேச்சு நீளும், சீக்கிரம் முடிக்கவும்."

இதைப் பற்றி அவரிடம் சற்று நீளமாகவே பேசினேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை, வெட்கப்படவும் இல்லை. குறிப்பு என்பது கடைக்காக எழுதுவது, மனிதருக்காக அல்ல என்று விளக்கினார். தன் மனைவிக்கும் கார்டு இருக்கிறது என்றார், எனக்கு அது ஆறுதலாக இருக்கும் என்று நினைத்து. உண்மைதான். அவர் மனைவி ஒரு நாள் சாப்பாட்டுக் கேரியரோடு வந்தபோது சொன்னாள். "கல்யாண நாளைக்கு மெசேஜ் வருது சார். 'அன்பு வாடிக்கையாளரே, இன்னும் பல ஆண்டுகள் எங்களோடு இணைந்திருங்கள்'னு. வேற எங்க போறது சொல்லுங்க." அந்தப் பெண் கெட்டிக்காரி. வீட்டில் கேஸ் அடுப்பு எரியவில்லை என்று ஆறு தடவை வாயால் சொல்லி நடக்காததை, கடை நம்பருக்கு ஒரு கம்ப்ளைன்ட்டாகப் போட்டாள். அன்று சாயங்காலமே அடுப்பு எரிந்தது. மறுநாள் அவளைக் கூப்பிட்டு, "எங்கள் சேவை உங்களுக்குத் திருப்தியா?" என்றும் கேட்டிருக்கிறார்.

ஒரு மழைக்காலத்தில் மரம் விழுந்து மூன்று நாள் கரண்ட் இல்லை. பள்ளங்கியிலிருந்து ஒருவர் நனைந்துகொண்டு குழாய் வாங்க வந்தார். மாதம் இரண்டு தடவையாவது வருகிறவர். எனக்கே அவர் பேரப்பிள்ளைகளின் எண்ணிக்கை தெரியும். நம்மவர் இருண்ட திரையைப் பார்த்தார், வந்தவரைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். கரண்ட் வந்த பிறகு வர முடியுமா என்று கேட்டார். எந்த அளவுக் குழாய் கொடுத்தோம், என்ன பேசினோம் என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது என்றார்.

"கரண்ட் வந்தாத்தான் நீங்க யாருன்னு எனக்குத் தெரியும்ங்க."

"நான் யாருன்னு எனக்குத் தெரியும்ங்க," என்றார் பள்ளங்கிக்காரர். "பைப்ப மட்டும் குடுங்க. வெரசா போகணும், சோலி கெடக்கு."

இவ்வளவு சொல்லிவிட்டு இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் நான் நியாயமானவன் ஆகமாட்டேன். எனக்குக் கண்புரை ஆபரேஷன் நடந்தது. மறுநாள் கூப்பிட்டார். எந்தக் கண் என்று கேட்டார். தட்டுகிற சத்தம் கேட்டது. சரியாக ஒரு வருடம் கழித்து மறுபடி கூப்பிட்டு, "வலது கண்ணு எப்படி சார் இருக்கு, உறுத்தல் ஏதும் இருக்கா?" என்றார். ஓசூரில் இருக்கும் என் மகனுக்கு இன்றுவரை எந்தக் கண் என்று தெரியாது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். அதை மறுபடி மாட்டுவதற்குள், புது மாடல் பேட்டரி ஸ்பிரேயர் வந்திருப்பதையும் சொல்லி முடித்துவிட்டார். என் கார்டு அதற்குள் மஞ்சளாகியிருந்திருக்க வேண்டும்.

அவர் இப்போது சென்னையில் இருக்கிறார். என் பிறந்த நாளுக்குக் கேக் படம் தவறாமல் வருகிறது. அவர் அனுப்புகிறாரா, அதுவாகப் போகிறதா என்று யோசித்துப் பார்த்தேன். அவர் விஷயத்தில் அதற்குப் பெரிய வித்தியாசம் இல்லை.

அவர் ஊரை விட்டுப் போனதற்குக் காரணமான ஆளைப் பற்றி இனிச் சொல்ல வேண்டும். அப்படி ஒரு ஆள் கிடையாது என்பதுதான் விஷயமே.

சாஃப்ட்வேரில் ஒரு பொத்தான் உண்டு. ஒரே ஆள் இரண்டு தடவை பதிவாகியிருந்தால் இரண்டையும் சேர்த்து ஒன்றாக்கிவிடும். ஒரு சாயங்காலம் நான் வீட்டுக்குக் கிளம்பிய பிறகு அதை அழுத்தியிருக்கிறார். காலையில் வந்தால் அறுநூற்றுச் சொச்சம் பேர் ஐந்நூற்றுச் சொச்சமாகக் குறைந்திருந்தார்கள். பட்டியல் சுத்தமாகிவிட்டது என்று எனக்கு வடை வாங்கிக் கொடுத்தார். மிச்ச நூறு பேர் எங்கே போனார்கள் என்று கேட்டேன். அவர்கள் எப்போதும் இருந்ததே இல்லை சார் என்றார்.

ஆள் ஒன்றா இரண்டா என்பதைப் போன் நம்பரை வைத்து அது முடிவு செய்கிறது. சென்னையில் சரியாக இருந்திருக்கும். அங்கே ஒரு ஆளுக்கு இரண்டு நம்பர். இங்கே பூம்பாறைக்கு அப்பால் சரிவுகளில் இருக்கும் வீடுகளில், ரோட்டோரக் கடைக்கு வந்து நின்றால்தான் டவர் எடுக்கும். யார் நம்பர் கேட்டாலும் அந்தக் கடை நம்பரைத்தான் கொடுப்பார்கள். இது எங்களில் எல்லோருக்கும் தெரியும். அதனாலேயே யாரும் யாரிடமும் சொல்வதில்லை.

அப்படித்தான் பூம்பாறைப் பக்கத்திலிருந்து ஒரு மாபெரும் வாடிக்கையாளர் எழுந்தருளினார். பெயர் முருகேசன். ஒரே வருடத்தில் ஒன்பது ஸ்பிரேயர் வாங்கியிருந்தார். எல்லாம் முதுகில் கட்டிக்கொண்டு அடிக்கிற வகை. கார்டில் 'வேறு பெயர்கள்' என்ற இடத்தில் பாண்டி, சின்னச்சாமி, அந்தோணி என்று இன்னும் எட்டுப் பெயர்கள் இருந்தன.

முதுகு ஒன்றுதானே, ஸ்பிரேயர் ஒன்பது எதற்கு என்று கேட்டேன்.

"பெரிய தோட்டம் சார். ஆள் வெச்சுப் பண்றாரு."

முருகேசன் எப்படி அந்தோணி ஆவார் என்று கேட்டேன். இந்த ஊரில் ரேஷன் கார்டில் ஒரு பெயர், வீட்டில் ஒரு பெயர், கூப்பிடுவது ஒரு பெயர் என்று நான்தானே அவருக்குச் சொன்னேன் என்றார். பழனிக்கும் போவார், வேளாங்கண்ணிக்கும் போவார் போலிருக்கிறது என்றார். போனில் குரல் ஒரு நாள் மாதிரி ஒரு நாள் இல்லையே, ஒரு தடவை பெண் குரல்கூட வந்ததே என்று கேட்டதற்கு, குளிரில் தொண்டை மாறும் என்றும் பெண் குரல் சம்சாரம் என்றும் பதில் வந்தது. எல்லாக் கேள்விக்கும் அவரிடம் பதில் இருந்தது. கேள்வி மட்டும்தான் அவரிடம் இல்லை.

அந்த வருடம் மூடுபனி விடாமல் அடித்தது. பூண்டில் கருகல் விழுகிற காலம். மருந்து அடிக்காவிட்டால் தாள் கருகி உள்ளே பல் சிறுத்துவிடும். அந்த நேரம் பார்த்து, எங்களிடம் வாங்கிய ஸ்பிரேயர்களில் ரப்பர் வாஷர் குளிரில் விறைத்து வெடித்தது. முதலில் முருகேசன் கூப்பிட்டார். வாஷர் பஸ்ஸில் போயிற்று. கம்ப்ளைன்ட் 'தீர்ந்தது' என்று மூடப்பட்டது. மறுபடியும் அதே நம்பரிலிருந்து அதே கம்ப்ளைன்ட். மறுபடியும். எட்டுத் தடவை. திரையில் பச்சை நிறத்தில் 'தீர்ந்தது' என்று இருக்கும்போது மனிதர் என்ன செய்வார்? "உங்க கம்ப்ளைன்ட் க்ளோஸ் ஆயிடுச்சுங்களே," என்று தாய்போல் எடுத்துச் சொல்வார். பிறகு உடம்பு எப்படி இருக்கிறது, சாப்பிட்டாயிற்றா, மனசு எப்படி இருக்கிறது என்று விசாரிப்பார். முருகேசனின் கார்டில் ஒரு குறிப்பையும் சேர்த்தார்: "தனிமையில் இருக்கிறார் போலும். பேசுவதற்காகவே கூப்பிடுகிறார். அன்பாகப் பேசவும்."

நான் இன்னொரு பொட்டலம் வாஷர் அனுப்பிப் பார்க்கலாமே என்றேன். தீர்ந்த கம்ப்ளைன்ட்டுக்குப் பொருள் அனுப்ப சிஸ்டம் விடாது என்றார்.

இதற்கிடையில் ஸ்பிரேயர் கம்பெனி, மேல்மலை முழுவதற்கும் ஒரே ஒரு டீலரை நியமிக்கப் போவதாக அறிவித்தது. போட்டிக்கு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இன்னொரு கடைக்காரர் இருந்தார். அவரிடம் பொருள் இருந்தது, பட்டியல் இல்லை. நம்மவரிடம் பட்டியல் இருந்தது. டீலர்ஷிப் கிடைத்தால் இங்கே இருப்பது, இல்லாவிட்டால் மூட்டை கட்டிக்கொண்டு சென்னைக்கே திரும்புவது என்று புருஷனும் மனைவியும் பேசி வைத்திருந்தார்கள். மகளுக்கு இங்கே பள்ளிக்கூடம் பிடித்துப்போயிருந்தது. திரும்பிப் போவதென்றால் அவள் அழுவாள் என்று ஒருநாள் என்னிடம் சொன்னார். அதைச் சொன்னபோது அவர் திரையைப் பார்க்கவில்லை.

கம்பெனி ஏரியா ஆபீசர் வந்தார். இளைஞர், பளபளவென்று ஷூ. பட்டியலைப் பார்த்து அசந்துபோனார். இதில் முதன்மையான வாடிக்கையாளர் ஒருவரை நேரில் பார்த்து ஒரு போட்டோ எடுத்து மேலே அனுப்பினால் விஷயம் முடிந்தது என்றார். நம்மவர் யோசிக்கவே இல்லை. முருகேசன் நம்பருக்கு முன்கூட்டியே போன் பண்ணி, ஸ்பிரேயர் கம்பெனியிலிருந்து பெரிய ஆபீசர் உங்களைப் பார்க்க வருகிறார் என்று சொன்னார். சால்வை வாங்கினார். பரிசாக ஒரு புது மாடல் ஸ்பிரேயரைப் பெட்டியோடு எடுத்துக்கொண்டார். ஃப்ளெக்ஸ் பேனர் ஒன்றும் அடித்தார். எந்தப் பெயரில் அவர் ஊரில் அறியப்படுகிறார் என்பது தெரியாததால் எல்லாப் பெயரையும் போட்டுவிட்டார்: 'எங்கள் சிறந்த வாடிக்கையாளர் முருகேசன் (எ) பாண்டி (எ) சின்னச்சாமி (எ) அந்தோணி' என்று ஒன்பது வரை. போலீஸ் ஸ்டேஷன் வாசலில் ஒட்டுகிற நோட்டீஸ் மாதிரி இருக்கிறதே என்றேன். என் பேச்சு நீளும் என்பது அவருக்குத் தெரியும்.

ஜீப்பில் போனோம். பூம்பாறை தாண்டி ஒரு வளைவில் டீக்கடை. கடைக்கார அம்மாள் பாலை ஆற்றிக்கொண்டிருந்தாள். கடைக்கு எதிரே பாறைமேல் வரிசையாக ஆட்கள், ஒவ்வொருவர் முதுகிலும் ஒரு ஸ்பிரேயர். பனிக்குள்ளிருந்து ஏதோ படை இறங்கி வந்ததுபோல இருந்தது. நம்மவர் முகம் மலர்ந்தது. முருகேசனுடைய ஆட்கள் என்று ஆபீசரிடம் கிசுகிசுத்தார்.

பேனரை விரித்தார்கள். பாறைமேல் இருந்தவர்கள் இறங்கிவந்து படித்தார்கள்.

"ஏலே, எம் பேரு போட்டிருக்கு."

"எம் பேருந்தாண்டா இருக்கு. நடுவுல என்னமோ 'எ'னா போட்டிருக்காக."

"முருகேசன் யாருங்க?" என்று ஆபீசர் கேட்டார். ஒருவர் கையைத் தூக்கினார். ஆபீசர் சால்வையோடு அவர் பக்கம் போகுமுன், பாண்டி நான், சின்னச்சாமி நான் என்று மற்றவர்களும் கையைத் தூக்கினார்கள், வகுப்பில் ஆஜர் சொல்வதுபோல. ஆபீசர் நம்மவரைப் பார்த்தார். நம்மவர் போனை எடுத்தார்.

டீக்கடை அம்மாள்தான் அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள்.

"ஒம்பது பேருக்கும் எம் போனுதாங்க. கீழ வீட்டுல டவரு எடுக்காது. நம்பர் கேட்டீக, குடுத்தாக. கம்பெனிக்காரவுக வாராகன்னு சொன்னீகளே, அதான் எல்லாத்தையும் டேங்கோட வரச் சொன்னேன். எட்டு டேங்கு பழுதாக் கெடக்கு."

"அப்ப இத்தனை நாளா நான் யார்கிட்டக்கா பேசிட்டு இருந்தேன்?" நம்மவர் குரல் மிகவும் மெலிந்திருந்தது.

"பாதி நாளு எங்கிட்டத்தான். பால் பொங்குற நேரத்துல கூப்புட்டு, மனசு எப்படி இருக்குன்னு கேப்பீக. எம் புருசன் இருந்தவரைக்கும் ஒரு நாளும் கேட்டதில்ல." கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது; அவள் சிரிக்கவில்லை. "நல்லாத்தான் கேட்டீக, கொற சொல்ல மாட்டேன். ஆனா வாஷர் வரலையே."

வாஷர் வந்த ஒரே ஸ்பிரேயரை ஒன்பது பேரும் மாற்றி மாற்றி வாங்கி அடித்திருக்கிறார்கள். முறை வருவதற்குள் பாண்டியின் பூண்டு பாதி கருகிவிட்டது. அவர் இடுப்பு மடிப்பிலிருந்து எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். மொச்சைப்பயறு அளவில் ஐந்து பூண்டு. யாரையும் திட்டவில்லை. ஆபீசர் கையை நீட்டி வாங்கிப் பார்த்துவிட்டு, எங்கே வைப்பது என்று தெரியாமல் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

சால்வையை யார்மேலாவது போட்டாக வேண்டும் என்று நம்மவருக்குத் தோன்றியிருக்கிறது. டீக்கடை அம்மாள்மேல் போர்த்தினார். அவள் அதை வைத்து மருந்தடிக்க முடியுமா என்று கேட்டுவிட்டு, மடித்து பிஸ்கட் பாட்டில்களின் மேல் வைத்தாள். பரிசுப் பெட்டியை அவளே பிரித்தாள். அதிலிருக்கும் வாஷரைக் கழற்றி ஒருத்தனுக்காவது போடுங்கப்பா என்றாள். போட்டுப் பார்த்தார்கள். புது மாடலில் வாஷர் அளவு வேறு.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மறுநாள் முதல் பஸ்ஸில் வாஷர்கள் போய்ச் சேர்ந்தன. சிஸ்டம் விடாததால் அவரே அலமாரியைத் திறந்து, எட்டுக்குப் பதினாறாக எண்ணி, காகிதத்தில் கட்டிக் கொடுத்தார். கண்டக்டரிடம் இரண்டு தடவை சொன்னார். பாண்டியின் பூண்டுக்கு அது உதவவில்லை, மற்றவர்களுக்கு உதவியது. டீலர்ஷிப் கைவிட்டுப்போன பிறகு அந்த அம்மாளுக்கு அவர் போன் செய்வதை நிறுத்தவில்லை என்றும் கேள்விப்பட்டேன். ஒன்பது பேரும் சுகம் என்று அவளும் முறையாகப் பதில் சொல்கிறாளாம்.

ஆனால் அவரை நினைத்தால் எனக்குக் கண்முன் வருவது அந்தப் பொட்டலம் அல்ல. அன்றைக்கு டீக்கடை வாசலில் நின்ற நிலைதான். ஆபீசர் கெட்டவர் இல்லை. இன்னமும் அவரைக் காப்பாற்ற வழி தேடிக்கொண்டிருந்தார். நடந்தது நடந்துவிட்டது, தப்பைத் திருத்திப் புதுப் பட்டியல் அனுப்பினால் கம்பெனி ஒத்துக்கொள்ளும் என்று தணிந்த குரலில் சொன்னார். பிறகு, மேலே எழுத வேண்டும் என்பதற்காக, நோட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இந்த ஊர்ல உங்களுக்கு மொத்தம் எத்தனை கஸ்டமர் சார்?"

ஒன்பது பேரும் நம்மவருக்கு எதிரே, கைநீட்டினால் தொடுகிற தூரத்தில், டேங்கை முதுகில் கட்டிக்கொண்டு நின்றார்கள். எண்ணப் பழகுகிற குழந்தைகூடச் சொல்லிவிடும். எனக்கு வாய் துடித்தது. டீக்கடை அம்மாள் டம்ளரைக் கழுவுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். நம்மவர் போன் வேறு கம்பெனி. அந்த டவர் அங்கே எடுக்காது. திரையின் நடுவில் ஒரு சின்ன வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது.

அவர் தலையை நிமிர்த்தவே இல்லை.

"ஒரு நிமிஷம் சார்," என்றார். "லோட் ஆகுது."